மேலே ஏறும் பள்ளம்

தண்ணீர் மேலிருந்து கீழே ஓடும். பள்ளம் கீழேயிருந்து மேலே ஏறும். அயோவா மாநிலத்தின் மேற்கு ஓரத்துக் குன்றுகளில் உழுகிற எங்கள் எல்லோருக்கும் இது தெரியும். காற்று அள்ளிக்கொண்டு வந்து கொட்டிய மஞ்சள் மண் எங்களுடையது. தோண்டினால் கல்லே வராது. அடிவாரத்து ஓடையில் கரை கொஞ்சம் இடிந்தால் போதும், ஒவ்வொரு மழைக்கும் அந்த இடிப்பு மேடு நோக்கி நகரும். பக்கங்கள் செங்குத்தாக நிற்கும், தலை மட்டும் வயலைத் தின்றுகொண்டே போகும். வீடு முழுகுகிற ஆழத்துக்குப் பள்ளம் விழுந்த வயல்கள் எங்கள் ரோட்டிலேயே உண்டு.

என் பெயர் ஆஸ்டா யூல். கீழ்ப்பண்ணை என்னுடையது. மேல்பண்ணை ஹோல்கர் ப்ரூனுடையது. அவனை நான் என்ன செய்தேன் என்பதைச் சொல்லப்போகிறேன். கடைசியில் மனம் இளகி மன்னித்துவிடுவேன் என்று நினைப்பவர்கள் இப்போதே எழுந்து வேறு வேலை பார்க்கலாம்.

யுத்தம் முடிந்த சமயம் அது. ஓடையில் தொடங்கிய பள்ளம் எங்கள் நிலத்தைக் கடந்து, இரண்டு பண்ணைக்கும் நடுவிலிருக்கும் வேலிக்குப் பக்கத்தில் வந்து நின்றது. என் புருஷன் எஸ்பென் மண் பாதுகாப்பு அலுவலகத்துக்குப் போய் டெல்மர் என்கிற ஆளைக் கூட்டி வந்தான். வேலிக்குக் கீழே, எங்கள் பக்கத்தில், ஒரு கான்கிரீட் தடுப்பணை கட்டுவது என்று முடிவானது. தண்ணீர் அதன் மேல் ஏறிக் கான்கிரீட் தரையில் விழுந்தால் பள்ளத்தின் தலை அங்கேயே நின்றுவிடும். ஆனால் மேலேயிருந்து வரும் தண்ணீர் மெதுவாக வர வேண்டும், அதற்கு ஹோல்கர் சம்மதிக்க வேண்டும். என் சமையலறை மேசையில் மூவரும் உட்கார்ந்தார்கள். எங்கள் டென்மார்க்காரர் ரோட்டில் காபி கொடுக்காமல் ஒருவரையும் அனுப்புவதில்லை, வரி கேட்டு வருகிறவனுக்கும் காபி உண்டு. நான் மூன்று கோப்பை ஊற்றினேன்.

“ஹோல்கர், உங்க வயல் நடுவுல தண்ணி இறங்குற தாழ்வு இருக்குல்ல, அதுல மட்டும் ஏர் படக்கூடாது,” என்றார் டெல்மர். “புல்லு நிக்கட்டும். புல்லு இருந்தா தண்ணி நடந்து வரும். உழுதீங்கன்னா ஓடி வரும்.”

“நேரா போற என் உழவு சாலுக்கு நடுவுல தாடி வைக்கச் சொல்றீங்க,” என்றான் ஹோல்கர்.

“வச்சுக்கோ. அப்பவாவது மனுஷன் மாதிரி தெரிவே,” என்றான் எஸ்பென்.

மூவரும் சிரித்தார்கள். ஹோல்கர் கை நீட்டினான், எஸ்பென் பிடித்துக் குலுக்கினான். எங்கள் பக்கத்தில் கை கொடுத்தால் அதற்கு மேல் எழுத்து வேண்டியதில்லை.

ஹோல்கரின் நேர்ச்சால் பற்றியும் சொல்லவேண்டும். குன்றின் உச்சியிலிருந்து அடிவாரம் வரை நூல் பிடித்தது போல உழுவான். உழவுப் போட்டிகளில் வாங்கிய கோப்பைகளைக் கூடத்து அலமாரியில் அடுக்கி, பெண்டாட்டி கிர்ஸ்டினைத் தினமும் துடைக்க வைப்பான். எஸ்பென் டெல்மர் சொன்னபடி குன்றைச் சுற்றிச் சுற்றிச் சமமட்டத்தில் உழுதான். எங்கள் சால்கள் வளைந்து வளைந்து போகும், மழை பெய்தால் ஒவ்வொரு சாலும் தன் பங்குத் தண்ணீரைப் பிடித்து வைத்துக்கொள்ளும். ஹோல்கருக்கு அது வேடிக்கை. ஞாயிற்றுக்கிழமை தேவாலயத்து வாசலில் எல்லோர் முன்னாலும் கேட்பான்: “என்ன எஸ்பென், நேத்து ஊத்திக்கிட்டு உழுதியா? சாலெல்லாம் தள்ளாடுதே!” எங்கள் சபையில் பீர் வாடையே ஆகாது. அதனாலேயே எல்லோரும் விழுந்து விழுந்து சிரிப்பார்கள். எஸ்பெனும் சிரிப்பான், பாவி மனிதன். அந்தச் சிரிப்பை ஹோல்கர் பின்னால் எதற்குப் பயன்படுத்தினான் என்பதைப் பாருங்கள்.

நாற்பத்தொன்பதாம் வருஷம் வட்டார உழவுப் போட்டியைத் தன் நிலத்தில் நடத்த ஹோல்கருக்கு ஆசை வந்தது. வசந்தத்தில் நிலம் பார்க்கக் கமிட்டி வரவிருந்தது. நடுவில் புல் இருந்தால் அங்கே கலப்பையைத் தூக்க வேண்டும், சால் அறுபடும். அவன் புல்லை உழுதான், மேலிருந்து வேலி வரைக்கும் ஒரே நேராக. அந்தத் தாழ்வு ரோட்டிலிருந்து பார்த்தால் தெரியாது, என் சமையலறைச் சன்னலிலிருந்து தெரியும். பார்த்ததும் எஸ்பெனைக் கூப்பிட்டேன். அவன் வேலிக்கு ஓடினான், நானும் பின்னாலேயே போனேன்.

“கை குடுத்தியே ஹோல்கர்,” என்றான் எஸ்பென்.

“கையைத்தானே குடுத்தேன், கழுத்தையா குடுத்தேன்? ஒரே ஒரு வருஷம். ஓட்ஸ் விதைச்சிருக்கேன், அதுவும் பச்சைதான். அறுப்பு முடிஞ்சதும் திரும்பப் புல்லு போட்டுடறேன், போதுமா?”

“நடுவுல மழை வந்தா?”

“வந்தா உன் அணை எதுக்கு இருக்கு? அழகு பாக்கவா?”

ஜூனில் மழை வந்தது. மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு வானம் கறுத்து ஒரேயடியாகக் கொட்டியது. தண்ணீர் உழுத தாழ்வில் சேறும் ஓட்ஸுமாகத் திரண்டு வந்து அணையில் மோதி, ஒரு பக்கச் சிறகுச் சுவரைச் சுற்றிக்கொண்டு கரையை அறுக்கத் தொடங்கியது. எஸ்பென் டிராக்டரில் வைக்கோல் கட்டுகளை ஏற்றிக்கொண்டு அங்கே போனான். கரை உள்ளே குடையப்பட்டிருந்தது அவனுக்குத் தெரியவில்லை. மேலே வேலியோரம் நின்றிருந்த ஹோல்கருக்குத் தெரிந்தது. அவன் கத்தவில்லை. கரை இடிந்து டிராக்டரும் எஸ்பெனும் உள்ளே போனதை நான் களத்திலிருந்து பார்த்தேன்.

விசாரிக்க ஷெரிஃப் வந்தார். “பக்கத்துல இருந்தது நீங்கதானே?” என்று ஹோல்கரிடம் கேட்டார். ஹோல்கர் தொப்பியைக் கழற்றி நெஞ்சில் வைத்துக்கொண்டான். “செத்தவனைப் பத்திப் பேசக் கூடாதுங்க. ஆனா மத்தியானமே வாசனை அடிச்சுது,” என்றான். அவ்வளவுதான் சொன்னான். எங்கள் ரோட்டில் எல்லோருக்கும் தள்ளாடுகிற சால் ஞாபகம் வந்தது. சிரித்துக்கொண்டிருந்தவர்கள் தலையாட்டத் தொடங்கினார்கள். புல்லை உழுதான், அதனால்தான் இவ்வளவு தண்ணீர் வந்தது என்று நான் வாய் வலிக்கச் சொன்னேன். புருஷனை இழந்தவள் ஏதோ பேசுகிறாள் என்று என் தோளைத் தட்டிவிட்டுப் போனார்கள். டெல்மர் அதற்கு முன்பே வேறு ஊருக்கு மாற்றலாகியிருந்தார். போட்டி வேறு பண்ணைக்குப் போனது. அறுப்பு முடிந்த கையோடு ஹோல்கர் தாழ்வில் புல் விதைத்துவிட்டான், சாட்சியும் மூடிவிட்டது.

எஸ்பெனைக் குன்றின் மேலுள்ள எங்கள் சபைக் கல்லறைத் தோட்டத்தின் மூலையில் புதைத்தார்கள். வேலியை ஒட்டிய இடம் அது. தூக்குப் போட்டுக்கொண்ட ஒரு கூலிக்காரனும் பெயர் தெரியாத ஒரு வழிப்போக்கனும் அங்கே கிடந்தார்கள். பாதிரியார் குடியின் கேட்டைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லி முடித்துக்கொண்டார். அன்று என் வயிற்றில் பற்றிய நெருப்பை அணைக்க நான் ஒருநாளும் முயன்றதில்லை.

மண் அலுவலகத்தார் அணையைச் சரிசெய்து கொடுத்தார்கள். இனி பராமரிப்பு என் பொறுப்பு என்று சொல்லிவிட்டுப் போனார்கள். மறுவருஷம் கோடையில் அணையின் சிறகுக்குப் பக்கத்தில் ஒரு வளை தெரிந்தது. பேட்ஜர் என்கிற வளை தோண்டும் மிருகத்தின் வேலை. எங்கள் மண்ணில் அது ஒரே ராத்திரியில் ஆள் இறங்கும் அளவு வளை தோண்டிவிடும். எஸ்பென் இருந்தால் அன்றைக்கே பொறி வைத்து, வளையில் களிமண் இடித்து அடைத்திருப்பான். நான் குனிந்து உள்ளே பார்த்தேன். “நல்லா தோண்டுடா ராஜா,” என்று சொல்லிவிட்டு வீட்டுக்கு வந்தேன்.

அதற்கடுத்த வசந்தத்தில் உருகிய பனி அந்த வளைக்குள் புகுந்தது. அணையின் ஒரு பக்கம் கழன்று விழுந்தது. பள்ளத்தின் தலை வேலியைத் தாண்டி ஹோல்கரின் நிலத்துக்குள் ஏறியது. வேலிக் கம்பி மட்டும் கம்பங்களோடு அந்தரத்தில் தொங்கிக்கொண்டிருந்ததைப் பார்த்தபோது, எஸ்பென் போனபிறகு முதல்முறையாக எனக்குப் பசித்தது. நன்றாகச் சாப்பிட்டேன்.

ஹோல்கர் வந்தான். அடுப்பில் காபி கொதித்துக்கொண்டிருந்தது. அவன் வழக்கமான நாற்காலியில் உட்கார்ந்தான்.

“உன் அணை போச்சு ஆஸ்டா.”

“பாத்தேன்.”

“எப்ப சரி பண்ணப் போறே?”

“ஆம்பளை இல்லாத வீடு ஹோல்கர். இருந்த ஆளும் குடிகாரன்னு ஊரே சொல்லுது. நான் என்ன பண்ணுவேன்?”

அவன் காபிப் பாத்திரத்தைப் பார்த்தான். நானும் பார்த்தேன். எழுந்து அடுப்பை அணைத்தேன், ஊற்றவில்லை. அவன் முகம் காது வரைக்கும் சிவந்தது. எங்கள் ஊரில் அதைவிடக் கன்னத்தில் அறைந்திருக்கலாம்.

“பள்ளம் என் கொட்டில் வரைக்கும் வந்துடும்மா. உனக்குத் தெரியும்.”

“தெரியும்,” என்றேன். “புல்லு இருந்தா தண்ணி நடந்து வரும். ஆனா ஏறத் தொடங்கின பள்ளம் புல்லையும் தின்னுடும். டெல்மர் இதே மேசையில சொன்னாரே, நீ காபி குடிச்சுக்கிட்டு இருந்தே.”

என் அணையைக் கட்டச் சொல்லி என்னைக் கட்டாயப்படுத்த ஒருவராலும் முடியாது. மண் அலுவலகம் கேட்டுப் பார்க்கும், கெஞ்சும், அவ்வளவுதான். கீழே அணையில்லாமல் மேலே என்ன செய்தாலும் நிற்காது. இதுவும் ஹோல்கருக்குத் தெரியும். ஆனால் என்னிடம் மறுபடி வருவதைவிடப் பழைய காரை நம்புவது அவனுக்குச் சுலபமாக இருந்தது.

பள்ளத்தை அடைக்க எங்கள் ஊர்க்காரர்களுக்குப் பழைய கார்தான் மருந்து. ஓடாத கார், உடைந்த அறுப்பு மிஷின், கட்டில் கம்பிச்சுருள், குளிர்கால அடுப்பு எல்லாவற்றையும் கொண்டுபோய்ப் பள்ளத்தில் தள்ளுவார்கள். பெண்கள் கேக் கொண்டுவருவார்கள், ஆண்கள் தள்ளுவார்கள், திருவிழா மாதிரி இருக்கும். மெத்தென்ற மண்ணில் இரும்பைப் போட்டால் தண்ணீர் இரும்போடு மல்லுக்கட்டாது, பக்கத்து மண்ணை அறுத்துக்கொண்டு சுற்றிப் போகும். அந்த இடம் பெரிதாகும், பள்ளம் கிளை விடும். எஸ்பென் இதைச் சொல்லும்போதெல்லாம் ஊர் கேட்டுக்கொண்டு அடுத்த காரைத் தள்ளும்.

ரோட்டுக் கோடிப் பண்ணைக்காரர் ஓகெ என் வாசலில் வண்டியை நிறுத்தினார். நல்ல மனிதர், கொஞ்சம் மந்தம்.

“ஆஸ்டா, தப்பா நினைக்காதேம்மா. பழைய இரும்பு ஏதாவது கிடக்கா? ஹோல்கர் பள்ளத்துக்குப் போடணும்.”

“இருக்கே. களத்துக்குப் பின்னால டிராக்டர் கிடக்கு.”

“எந்த... அந்த டிராக்டரா?”

“அதேதான். நல்ல கனம். எடுத்துட்டுப் போங்க.”

எஸ்பென் மேல் விழுந்த டிராக்டரைச் சங்கிலி கட்டி இழுத்துப்போனார்கள். நான் பின்னாலேயே நடந்து போனேன். அது எது என்று பார்த்ததும் ஹோல்கரின் முகத்தில் ரத்தமில்லை. வேண்டாம் என்று சொல்ல வாய் திறந்தான். ஏன் வேண்டாம் என்று ஓகெ கேட்டால் என்ன சொல்வான்? வாயை மூடிக்கொண்டான். டிராக்டர் அவனுடைய பள்ளத்தின் நடுவில் தலைகீழாகப் போய் விழுந்தது. கிர்ஸ்டின் நீட்டிய கேக்கை வாங்கி அங்கேயே நின்று தின்றேன்.

அந்த வருஷத்துப் பெருமழையில் தண்ணீர் டிராக்டரில் மோதி இரண்டாகப் பிரிந்தது. ஒரு கிளை ஹோல்கரின் கொட்டிலையும் கிணற்றையும் நோக்கி ஏறியது. அது நான் எதிர்பார்த்தது. இன்னொரு கிளை வலப்பக்கம் திரும்பி, அவன் நிலத்துக்கு மேலே குன்றின் தோளிலிருக்கும் கல்லறைத் தோட்டத்தை நோக்கிக் கிளம்பியது. அது நான் எதிர்பார்க்காதது. அந்தத் திசையில் முதலில் இருப்பது மூலை. மூலையில் இருப்பது எஸ்பென்.

எங்கள் ரோட்டு வீடுகளுக்கெல்லாம் டெலிபோன் கம்பி ஒன்றுதான். ஒவ்வொரு வீட்டுக்கும் தனி மணி, ஆனால் யாருக்கு மணி அடித்தாலும் எல்லோரும் சத்தமில்லாமல் எடுத்துக் கேட்போம். மரியாதைப்பட்டவர்களும் கேட்போம். ஒருநாள் ஓகெயின் மணி அடித்தது, எடுத்தேன். ஹோல்கர் பேசிக்கொண்டிருந்தான்.

“இப்ப பாரு, ஓடி வருவா. வரிசையில முதல்ல நிக்கறது அவ புருஷன்தானே? சொந்தக் காசுல அணையைக் கட்டி, மேல பூவும் நடுவா.” சிரித்தான். தேவாலயத்து வாசலில் சிரித்த அதே சிரிப்பு.

நான் ரிசீவரை வைத்தேன். அவன் சொன்னது நிஜம்தான், அன்று காலையில்தான் அணைக்குச் சிமெண்ட் விலை விசாரிக்கலாமா என்று யோசித்திருந்தேன். அந்தச் சிரிப்பைக் கேட்டபிறகு யோசனையே வேண்டியிருக்கவில்லை.

பாதிரியாரும் வந்தார். அவருக்குக் காபி ஊற்றினேன், கேக் வைக்கவில்லை.

“ஆஸ்டா, பகையெல்லாம் இருக்கட்டும்மா. கல்லறையில நம்ம ஆளுங்க எல்லாரும் இருக்காங்க.”

“உங்க ஆளுங்க நடுவுல இருக்காங்க பாதிரியாரே. என் ஆளு மூலையில இருக்கான்.”

“அப்போ சூழ்நிலை அப்படி...”

“யாரோ மூக்குல வாசனை அடிச்சதா சொன்னாங்க. நீங்க முகர்ந்து பாத்தீங்களா?”

அவர் காபியைப் பாதியில் வைத்துவிட்டுப் போனார்.

எஸ்பெனைத் தோண்டி எடுக்க மாவட்ட அலுவலகத்தில் அனுமதி வாங்கினேன். நகரத்திலிருந்து சவ அடக்கக்காரரையும் தோண்ட இரண்டு ஆட்களையும் கூட்டிவந்தேன். செப்டம்பர் மாதம், நல்ல வெயில். குன்றின் மேல் மண்வெட்டிச் சத்தம் கேட்டதும் ரோட்டில் கார்கள் நின்றன. ஒருவரும் கிட்டே வரவில்லை. ஹோல்கரும் கிர்ஸ்டினும் தங்கள் வயல் பக்கத்து வேலியில் வந்து நின்றார்கள். பெட்டி மேலே வந்தபோது வேலிக் கம்பத்தைப் பிடித்துக்கொண்டேன். அழுதேன்தான். அழுதுகொண்டே ஹோல்கரைப் பார்த்தேன். அவன் முகத்தில் சிரிப்பு மெல்ல மெல்ல மறைந்தது. தன் புருஷனையே தோண்டி எடுத்துப் போகிறவள் இனி எதற்காகவும் அணையைக் கட்டமாட்டாள் என்பது அவனுக்கு அந்த நிமிஷம் உறைத்தது.

கிர்ஸ்டின் என்னைப் பார்க்கவில்லை. காலியான குழிக்குப் பின்னால் இருந்த வரிசையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். ப்ரூன் குடும்பத்தின் இடம் அது. தங்கள் வயலைப் பார்த்தபடி இருக்கட்டும் என்று ஹோல்கரின் அப்பா அந்த ஓரத்தை வாங்கியிருந்தார். அங்கே ஹோல்கரின் தாய் இருந்தாள். அவளுக்குப் பக்கத்தில் தொண்டை நோயில் போன, ஹோல்கர் கிர்ஸ்டினுடைய குழந்தை எல்ஸெ. ஆட்டுக்குட்டி செதுக்கிய சின்னக் கல். அந்தக் குழந்தைக்கு நான் கம்பளித் தொப்பி பின்னிக் கொடுத்திருக்கிறேன், அதோடுதான் புதைத்தார்கள். எனக்கு வலித்தது. வலித்தும் நான் அணைப் பக்கம் போகவில்லை.

எஸ்பெனை என் நிலத்தில், அணைக்குப் பக்கத்தில் வளைந்த சால்கள் தொடங்கும் மேட்டில் வைத்தேன். மறுநாள் காலை இருவரும் வந்தார்கள். ஹோல்கர் உட்காரவில்லை. கிர்ஸ்டின் பேசினாள்.

“ஆஸ்டா, என்ன வேணும்னு சொல்லுங்க. நிலம் வேணுமா? கொட்டில் போனா போகட்டும். என் எல்ஸெ அங்க இருக்கா.”

“எனக்கு நிலம் எதுக்கு? உன் வீட்டுக்காரர் டெலிபோன்ல ரெண்டு வார்த்தை பேசணும். ஊருக்கே மணியடிச்சு.”

“என்ன வார்த்தை?”

“அவருக்குத் தெரியும்.”

கிர்ஸ்டின் அவன் பக்கம் திரும்பினாள். “என்ன வார்த்தைங்க?”

அவன் தரையைப் பார்த்தான்.

“ஹோல்கர், அவங்க சொல்லிட்டே இருந்தாங்களே. புல்லை உழுதீங்களா?”

“ஒரு வருஷந்தான்...” என்றான்.

“குடிச்சிருந்தார்னு சொன்னீங்களே, அது?”

அவன் கதவுப் பக்கம் திரும்பினான். அவள் அவனை விட்டு ஓரடி நகர்ந்து நின்றாள். அந்த ஓரடியைப் பார்க்க நான் இரண்டு வருஷத்துக்கு மேல் காத்திருந்தேன். காத்திருந்தது வீண் போகவில்லை.

“சொல்லிட்டா அணை கட்டுவியா?” என்று அவன் கேட்டான்.

“நான் கட்டமாட்டேன். நீ கட்டுவே, என் நிலத்துல, உன் கையால. வருஷா வருஷம் வந்து பராமரிப்பே. அதோட உன் மலையை நேரா உழுறதை விடணும். புது மண் ஆபீஸ்காரர் வந்து சமமட்டத்துக்கு முளை அடிப்பார், அதைப் பாத்து வளைச்சு உழணும். ரோட்டோரத்து வயலையும் சேத்துத்தான்.”

“ரோட்டோரத்து வயலா? அது சரிவே இல்லியே!”

“எல்ஸெகூடத்தான் ஒரு தப்பும் பண்ணலே,” என்றேன். இதைச் சொன்னதற்காக ஊர் என்னைக் கல்நெஞ்சுக்காரி என்கிறது. சொல்லட்டும்.

எங்கள் கம்பியில் நீளமாக விடாமல் ஒரு மணி அடித்தால் அது ஊருக்கெல்லாம். தீப்பிடித்தால், ஆள் செத்தால், சூறாவளி வந்தால் மட்டும் அடிப்பது. அன்று எல்லோரும் மதியச் சாப்பாட்டில் இருந்த நேரம் அந்த மணி அடித்தது. நான் என் சுவர் டெலிபோனில் ரிசீவரை எடுத்துக் காதில் வைத்தேன். வரிசையாக எல்லா வீட்டிலும் எடுப்பது கேட்டது. எங்கே தீ, எங்கே தீ என்று குரல்கள்.

“தீயில்லை,” என்றது ஹோல்கரின் குரல். “ஹோல்கர் ப்ரூன் பேசறேன். எஸ்பென் செத்த வருஷம் நான் தாழ்வுல இருந்த புல்லை உழுதேன். கை குடுத்துட்டு உழுதேன். அதனாலதான் அவ்வளவு தண்ணி வந்துது. அவன் குடிக்கலை. வாசனை எதுவும் அடிக்கலை. நான் சொன்னது பொய்.”

முடிந்தது என்று நினைத்து அவன் ரிசீவரை வைக்கப்போவது தெரிந்தது.

“இன்னும் ஒண்ணு இருக்கு ஹோல்கர்,” என்றேன். “கரை குடைஞ்சிருந்தது உனக்குத் தெரிஞ்சுதா?”

இதை அவனிடம் முன்கூட்டிச் சொல்லியிருக்கவில்லை. ஊர் முழுக்கக் காதை வைத்துக்கொண்டு காத்திருந்தது. பின்னால் கிர்ஸ்டினின் குரல், “சொல்லுங்க,” என்றது.

“தெரிஞ்சுது,” என்றான். “கத்தியிருக்கலாம். கத்தினா... புல்லை உழுதது நான்னு ஆகிடுமேன்னு நின்னுட்டேன்.”

யாரோ ஒரு பெண் அழுதாள். ஓகெயின் மந்தமான குரல் வந்தது. “நானும் சொன்னேன் ஆஸ்டா. அவன் குடிச்சான்னு நானும் பத்துப் பேர்கிட்டச் சொன்னேன்.” அதற்குப் பிறகு இன்னொரு குரல், இன்னொரு குரல். எல்லோரும் அவரவர் சொன்னதைச் சொன்னார்கள். பாதிரியாரும் அந்தக் கம்பியில்தான் இருந்தார், எனக்கு அவருடைய இருமல் தெரியும். அவர் மட்டும் பேசவில்லை.

“சரி,” என்றேன். “சாப்பாடு ஆறிடப் போகுது. போய்ச் சாப்பிடுங்க.”

ரிசீவரை வைத்துவிட்டு மேசையில் தலையைக் கவிழ்த்துக்கொண்டு, எஸ்பென், எஸ்பென் என்று சத்தம் போட்டுக் கூப்பிட்டேன். அன்று மட்டும்தான் அப்படி.

சபை கூடி எஸ்பெனுக்குக் கல்லறைத் தோட்டத்தின் நடு வரிசையில் இடம் கொடுத்தது. பாதிரியார் தொப்பியும் கையுமாக வந்து சொன்னார். என் புருஷன் சொந்த நிலத்தில் சௌக்கியமாக இருக்கிறான், அந்த இடத்தில் நீங்கள் படுத்துக்கொள்ளுங்கள் என்று அனுப்பிவிட்டேன்.

அணை எழும்பியது. பள்ளம் இரண்டு கிளையிலும் நின்றது. எல்ஸெயின் ஆட்டுக்குட்டிக்கு எட்டடி தள்ளி நின்றது, ஹோல்கரின் கொட்டிலுக்கு அதைவிடக் கிட்டே. ரோட்டோரத்து வயலில் அவன் சால்கள் இப்போது வளைந்து வளைந்து போகின்றன. ஞாயிற்றுக்கிழமை தேவாலயத்துக்குப் போகும்போது நான் அங்கே காரை மெதுவாக்கி, ஒவ்வொரு வளைவாகப் பார்த்துக்கொண்டு போவேன். உழவுப் போட்டிக்கு அவன் போவதை விட்டுவிட்டான். கோப்பைகளைக் கிர்ஸ்டின் இப்போது துடைப்பதில்லை என்று ஓகெயின் மனைவி சொன்னாள்.

ஒவ்வொரு வசந்தத்திலும் பனி உருகியதும் ஹோல்கர் மண்வெட்டியோடு என் நிலத்துக்கு வருவான். அணையின் இரண்டு சிறகையும் பார்த்து, வளை இருந்தால் களிமண் இடித்து அடைப்பான். நிமிர்ந்தால் எஸ்பெனின் கல்தான் அவன் கண்ணுக்கு முன்னால் நிற்கும். இப்போது அவன் முடி நரைத்துவிட்டது. முதுகைப் பிடித்துக்கொண்டுதான் நிமிர்கிறான். குளிர் காற்றில் கையை ஊதிக்கொண்டு என் வீட்டுப் புகைபோக்கியை ஒரு தடவை பார்ப்பான்.

நான் சமையலறைச் சன்னலில் நிற்பேன். பாத்திரம் நிறையக் காபி போட்டிருப்பேன், வாசனை அணை வரைக்கும் போகும். எனக்கு மட்டும் ஒரு கோப்பை ஊற்றிக்கொண்டு, அவன் பார்க்கும்படி மெதுவாகக் குடிப்பேன்.